கீசின் தலையில் கட்டிய பழி

அன்புள்ள ஐயா,

ஞாயிற்றுக்கிழமை பைபிளில் வரும் இஸ்ரவேலின் முதல் ராஜா சவுலைப் பற்றிப் பிரசங்கம். ‘கண்டித்து வளர்க்காத தகப்பன் கீஸ்தான் சவுலின் கேட்டுக்கு வேர்’ என்றார் போதகர். எனக்கும் வளர்ந்த மகன் இருக்கிறான். அன்றிலிருந்து மனதை அறுக்கிறது. அப்படிச் சொல்ல வேதத்தில் இடமுண்டா? கீசின் தகப்பன் பெயர் சாமுவேல் புத்தகத்தில் ‘அபீயேல்’, நாளாகமத்தில் ‘நேர்’. இது எப்படி?

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

வம்சவரலாற்றை விடுங்கள். அந்தச் சிக்கலைப் பிரிக்கத் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள்.

இடமே இல்லை. பிள்ளைகளை அடக்கவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டது ஆசாரியன் ஏலி. அந்த வழக்கைத் தூக்கிக் கீசின் தலையில் கட்டிவிட்டார் உங்கள் போதகர். தீர்க்கதரிசி சாமுவேலின் பிள்ளைகள்கூடத்தான் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினார்கள். அதற்காகச் சாமுவேலை எந்தப் பிரசங்கத்திலாவது திட்டிக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டதையெல்லாம் அப்படியே வீட்டுக்குச் சுமந்து வருகிறீர்களே, வேதத்தைத் திறந்து பார்ப்பதற்கென்ன?

நான் கொஞ்ச நாளாகவே கீசை நினைத்துக்கொண்டிருந்தேன். கழுதைகள் காணாமல் போகின்றன. மகனையும் ஒரு வேலைக்காரனையும் தேட அனுப்புகிறான். எப்பிராயீம் மலை, சலீஷா நாடு என்று அலைந்து சூப் நாட்டுக்கு வந்ததும் சவுல் சொல்கிறான்: திரும்பிவிடலாம், அப்பா கழுதைகளை மறந்துவிட்டு நமக்காகக் கவலைப்பட ஆரம்பித்துவிடுவார். வளர்ப்புச் சரியில்லாத பிள்ளை பேசுகிற பேச்சா இது?

அப்புறம்தான் சாமுவேல் அவனை ராஜாவாக்க அவன் தலையில் தைலம் வார்க்கிறார். வார்த்த கையோடு சொல்லும் முதல் அடையாளம் என்ன? ராகேலின் கல்லறையருகே இரண்டு பேர் எதிர்ப்படுவார்கள், கழுதைகள் கிடைத்துவிட்டன, உன் தகப்பன் இப்போது ‘என் மகனுக்காக என்ன செய்வேன்’ என்று தவிக்கிறான் என்பார்கள். தகப்பனின் தவிப்பு மகனுக்கு வழிப்போக்கர் வாயால்தான் வந்து சேர்கிறது. வீடு திரும்பியதும் எங்கே போனாய் என்று கேட்பதும் சிறிய தகப்பன். அந்தப் பக்கத்தில் கீசைத் தேடிப் பாருங்கள், ஆளே இல்லை.

கல்லூரி நாட்களில் சொல்லாமல் கொள்ளாமல் ஊர் சுற்றிவிட்டு வந்து இறங்கினேன். பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரர்தான் சொன்னார், அப்பா சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே ‘பையனப் பாத்தீங்களா’ என்று கேட்டுவிட்டுப் போனார் என்று. வீட்டில் சித்தப்பா குறுக்கு விசாரணை நடத்தினார். அப்பா ரேடியோவைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நிமிரவில்லை. அந்த மனிதரை யாராவது மேடையேறி ‘கண்டிக்காத தகப்பன்’ என்றால் சும்மா கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது.

கில்போவா மலையில் நடந்த போரில் சவுல் செத்தான். எதிரிகளான பெலிஸ்தர் உடலைப் பெத்சான் மதிலில் தொங்கவிட்டார்கள். யாபேஸ் ஊரார் இரவோடு இரவாக நடந்துபோய் இறக்கினார்கள். பிற்பாடு ராஜாவான தாவீது அந்த எலும்புகளை வாங்கி அடக்கம் செய்தது சேலாவில், கீசின் கல்லறையில். தகப்பனையும் மகனையும் புத்தகம் மறுபடி ஒரே இடத்தில் வைப்பது அங்கேதான்.

சரி, உங்கள் மகன் என்ன செய்தான் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே. அது தெரியாமல் நான் என்ன சொல்ல? அடுத்த ஞாயிறு போதகரைப் பிடித்து, முதலாம் சாமுவேல் பத்தாம் அதிகாரம் இரண்டாம் வசனத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.