சதுர அடி ரேட்டுக்கு மேல் ரூ.9,60,000 கேட்கிறார் கான்ட்ராக்டர்: கொடுத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: சொந்த மனையில் வீடு கட்ட, மெட்டீரியலுடன் சதுர அடிக்கு ரூ.2,400 என்று கான்ட்ராக்டருடன் ஒப்பந்தம் போட்டோம். 1,600 சதுர அடி, மொத்தம் ரூ.38,40,000. ரூஃப் காங்கிரீட் முடிந்துவிட்டது, பூச்சு வேலை தொடங்கவில்லை. இதுவரை ரூ.28 லட்சம் கொடுத்திருக்கிறோம். இப்போது கூடுதலாக ரூ.9,60,000 கேட்டு வேலையை நிறுத்திவிட்டார். கம்பி, சிமென்ட் விலையேற்றத்துக்கு 3,10,000. அஸ்திவாரம் 5 அடிக்குப் பதில் 7 அடி தோண்டியதற்கு 1,90,000. அளந்தால் 1,765 சதுர அடி வருகிறது என்று 3,96,000. நாங்கள் வாய்மொழியாகக் கேட்ட லாஃப்ட், கூடுதல் லைட் பாயின்ட்டுகளுக்கு 64,000. வங்கிக் கடனில் ஒரு தவணையை நாங்கள் 45 நாள் தாமதமாகக் கொடுத்தது உண்மை. கையெழுத்திட்ட இரண்டு வெற்றுக் காசோலைகளும் அவரிடம் இருக்கின்றன. என்ன செய்வது?

பதில்: அவர் ஒரே தொகையாகக் கேட்கிறார் என்பதற்காக நீங்களும் ஒரே பதிலாகச் சொல்லிவிடாதீர்கள். இதில் நான்கு தனித்தனிக் கோரிக்கைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு.

விலையேற்றத்தை முதலில் பார்ப்போம். மெட்டீரியலுடன் ஒரு ரேட் பேசி, விலை ஏறினால் ரேட்டும் ஏறும் என்ற ஷரத்து ஒப்பந்தத்தில் இல்லையென்றால், அந்தச் சுமை கான்ட்ராக்டருடையது. விலை ஏறிவிட்டதால் பழைய ரேட்டில் செய்ய முடியாது என்பதை, இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 56-ஆம் பிரிவு சொல்லும் 'நிறைவேற்ற இயலாமை'யாக நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. ஆனால் உங்கள் 45 நாள் தாமதத்தை மறைக்க வேண்டாம். அந்த நாட்களில் வேலை நின்று, அதனால் அதிக விலைக்குப் பொருள் வாங்க நேர்ந்ததை பில்லுடன் காட்டினால், அந்த வித்தியாசத்தை மட்டும் அவர் கேட்கலாம். வேலை தொடங்கிய நாளிலிருந்து ஏறிய விலை முழுவதையும் உங்கள் தலையில் கட்ட முடியாது.

அஸ்திவாரத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கலாம். ஒப்பந்தத்தில் 5 அடி என்று எழுதியிருந்து, மண் இளக்கமாக இருந்ததால் உங்களுக்குத் தெரிந்தே 7 அடி தோண்டியிருந்தால், இலவசமாகச் செய்யும் எண்ணமின்றிச் செய்த வேலையின் பலனை நீங்கள் அனுபவிக்கிறீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவின்படி நியாயமான தொகை கொடுக்க வேண்டிவரும். ஆழம் எதுவும் குறிப்பிடாமல் சதுர அடி ரேட் மட்டும் இருந்தால், அது அவருடைய பொறுப்பு என்று நீங்கள் வாதிடலாம். தொகை சரிதானா என்பது தனிக் கேள்வி. 14 தூண்கள், குழி 5×5 அடி என்று வைத்துக்கொண்டால், கூடுதல் 2 அடிக்குத் தோண்டும் மண் 700 கன அடி. தூணைத் தாங்க அடியில் போடும் ஃபுட்டிங் காங்கிரீட் ஆழத்தால் கூடாது. கூடுவது தூணின் உயரம்தான்: 9×12 அங்குலத் தூணுக்கு 14 தூண்களிலும் சேர்த்து 21 கன அடி காங்கிரீட், அதற்கான கம்பி, பிறகு மண் நிரப்பும் கூலி. இதற்கு ரூ.1,90,000 எப்படி வந்தது என்று அளவு வாரியாக எழுதிக் கேளுங்கள்.

பரப்பளவில் ஒப்பந்தத்தின் ஒரு வரிதான் தீர்மானிக்கும். 'மொத்தம் ரூ.38,40,000' என்று நிலையான தொகையாக எழுதியிருந்தால், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை நீங்கள் மாற்றாதவரை அளவெடுப்புக்கே இடமில்லை. 'கட்டிய பரப்புக்குச் சதுர அடி ரூ.2,400' என்று இருந்தால் அளக்கலாம். ஆனால் எதை அளப்பது? போர்டிகோ, மாடிப்படி ஹெட்ரூம் ஆகியவற்றை முழுதாகவோ பாதியாகவோ கணக்கிடும் வழக்கம் ஆளுக்கு ஆள் மாறும். வரைபடத்தின் பரப்பு அட்டவணையில் அவை ஏற்கெனவே 1,600-க்குள் அடங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒப்பந்தத்தை எழுதியவர் அவரே என்றால், தெளிவில்லாத சொல்லுக்கு அவருக்குப் பாதகமான பொருளையே கொள்ளும்படி நீங்கள் கேட்கலாம்.

லாஃப்டுக்கும் லைட் பாயின்ட்டுக்கும் பணம் கொடுங்கள். வாய்மொழியாகக் கேட்டாலும் அது ஒப்பந்தம்தான். எண்ணிக்கையையும் ரேட்டையும் சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. நீங்கள் கொடுத்திருப்பது மொத்தத்தில் ஏறக்குறைய 73 சதவீதம். பூச்சு, ஒயரிங், பிளம்பிங், தரை, கதவு ஜன்னல், பெயின்ட் எல்லாம் மீதி இருக்கிறது. ஒரு வீட்டுச் செலவில் பாதிக்கு அருகில் இவையே எடுத்துக்கொள்ளும். நடந்த வேலையைவிட அதிகமாக அவர் கையில் பணம் இருக்கக்கூடும். அதனால்தான் அவரால் துணிந்து வேலையை நிறுத்த முடிகிறது. ஆகவே வேறு மேஸ்திரி கை வைப்பதற்கு முன், சுயேச்சையான என்ஜினீயர் ஒருவரை வைத்து முடிந்த வேலையை அளந்து மதிப்பிடுங்கள். தேதியைச் சொல்லிக் கான்ட்ராக்டரைப் பதிவுத் தபாலில் அழையுங்கள். வராவிட்டாலும் அளவெடுப்பு நடக்கட்டும். சைட்டில் மிச்சமிருக்கும் கம்பி, சிமென்ட் மூட்டைகளையும் எண்ணிப் போட்டோவுடன் பதியுங்கள். அளக்காமல் பூசிவிட்டால் எந்த வேலை யாருடையது என்று பிறகு நிரூபிப்பது கடினம். வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காதீர்கள். அவற்றைச் சாட்சியமாக்க பாரதிய சாட்சிய அதிநியம் 2023-இன் 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் தேவைப்படும்.

அளவு கையில் வந்ததும் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்புங்கள்: 15 நாளில் வேலையைத் தொடங்க வேண்டும், இன்னின்ன தொகையை ஏற்கிறோம், இன்னின்னதை இந்தக் காரணத்தால் மறுக்கிறோம் என்று. காசோலைகள் பாதுகாப்புக்காக மட்டும் கொடுக்கப்பட்டவை, திருப்பித் தர வேண்டும் என்பதையும் அதன் எண்களுடன் அதிலேயே எழுதுங்கள். வங்கியில் பணத்தை நிறுத்தச் சொல்வது மட்டும் போதாது. அப்படித் திரும்பும் காசோலைக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் காசோலை மோசடி வழக்கு வரலாம். காசோலை திரும்பியதைச் சொல்லிப் பணம் கேட்டு அவரிடமிருந்து நோட்டீஸ் வந்தால், பணம் செலுத்த உங்களுக்கு இருப்பது 15 நாள்.

அவர் வராவிட்டால் வேறொருவரை வைத்து முடித்து, நியாயமான கூடுதல் செலவை ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவில் இழப்பீடாகக் கேட்கலாம். சொந்த மனையில் உங்களுக்காகக் கட்டும் வீட்டுக்கான கான்ட்ராக்டர் தகராறு ரெராவுக்கு (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) போகாது. கொடுத்த தொகை ரூ.50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் செய்யலாம். சிவில் வழக்குக்கு 3 ஆண்டு.

அவரே தொடர்வதானால், துணை ஒப்பந்தம் இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்த பிறகே பணம், கடைசி 5 சதவீதம் ஆறு மாதம் கழித்து, கூடுதல் வேலை எதுவானாலும் ரேட் எழுதிக் கையெழுத்தான பிறகே, ஜிஎஸ்டி ரேட்டுக்குள்ளா வெளியிலா: இந்த நான்கும் அதில் இருக்கட்டும்.