வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம். சுற்றிப் பார்ப்பதோடு நிற்காமல் அவர்கள் எதையாவது கற்றுக்கொள்ள என்ன செய்யலாம்?

6 வயதில் ஒரு பிள்ளை, 10 வயதில் ஒரு பிள்ளை, கையில் ஒரு நாள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் செய்ய வேண்டியது, முழுப் பூங்காவையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை விடுவது. அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் பரப்பு சுமார் 600 ஹெக்டேர். எல்லா விலங்கையும் பார்க்கக் கிளம்பினால் ஒவ்வொன்றின் முன்னும் ஒரு நிமிடம்தான் நிற்க முடியும். "புலி தூங்குது, வா போலாம்" என்று நகர்ந்துகொண்டே இருப்பீர்கள். மதியத்துக்குள் சின்னவனுக்குக் கால் வலிக்கும், பெரியவனுக்குச் சலித்துவிடும். ஐந்தாறு இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து நிமிடம் நிற்பதென்று வீட்டிலேயே முடிவெடுத்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் ஆளுக்கொரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, பிடித்த ஒரு விலங்கையும் அது வாழும் இடத்தையும் வரையச் சொல்லுங்கள். அங்கே என்னென்ன செடி, வேறென்ன உயிர்கள் இருக்கும் என்பதையும் வரைந்து பெயர் எழுத வேண்டும். நீங்கள் திருத்த வேண்டாம். போய்வந்த இரண்டாம் நாள் அதே தலைப்பில் இன்னொரு படம் வரையச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லண்டன் விலங்குக் காட்சிசாலைக்கு வந்த 7 முதல் 15 வயது வரையிலான 2,800-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இந்த முறையில் ஓர் ஆய்வு நடந்து, 2014-இல் வெளியானது. கல்வி அலுவலர் விளக்கிச் சொன்ன குழுக்களில் 41 சதவீதம் பேரிடமும், தாங்களாகச் சுற்றிய குழுக்களில் 34 சதவீதம் பேரிடமும் முன்னேற்றம் தெரிந்தது. இரண்டு வகையிலுமே பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் அது தென்படவில்லை என்பதைக் கவனியுங்கள். கூட்டிப் போனாலே கற்றுக்கொண்டுவிடுவார்கள் என்று நம்புவது சரியில்லை.

நேரத்தைப் பற்றி. பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. நுழைவுக் கட்டணம், சஃபாரி கட்டணம், எது திறந்திருக்கிறது என்பதெல்லாம் அவ்வப்போது மாறும். அதிகாரபூர்வத் தளத்தில் முதல் நாள் பார்த்துக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டையும் அங்கேயே எடுத்துவிட்டால் வரிசை மிச்சம். கதவு திறந்தவுடன் உள்ளே போய்விடுவது நல்லது. முதல் இரண்டு மணி நேரத்தில் விலங்குகள் நடமாடும். வெயில் ஏறினால் நிழலில் படுத்துவிடும், அதற்குப் பிறகு எழுந்து நடக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சென்னையில் இதற்கு ஏற்ற காலம். ஏப்ரல், மே மாதங்களில் போவதாக இருந்தால் பதினொரு மணிக்குள் முக்கியமான இடங்களை முடித்துவிடுங்கள். ஞாயிறும் பொங்கல் விடுமுறையும் வேண்டாம், கூட்டத்தில் பிள்ளைகளுக்கு முதுகுகள்தான் தெரியும். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்தும் வண்டலூர் ரயில் நிலையத்திலிருந்தும் பூங்கா கிட்டத்தில்தான் இருக்கிறது. உள்ளே பேட்டரி வண்டி ஓடுகிறது. ஆனால் அது ஓடும் வேகத்தில் எதையும் நின்று பார்க்க முடியாது. சின்னவனுக்குத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, பத்து வயதுப் பிள்ளைக்கு நான் மிகவும் பரிந்துரைக்கும் வேலை: நடத்தை அட்டவணை. விலங்கியல் ஆராய்ச்சியாளர்கள் செய்வதன் எளிய வடிவம் இது. ஒரு அட்டை, பென்சில், நொடி காட்டும் கடிகாரம் போதும். தாளில் ஆறு கட்டங்கள் போட்டு மேலே எழுதுங்கள்: படுத்திருக்கிறது, நிற்கிறது, நடக்கிறது, தின்கிறது அல்லது குடிக்கிறது, உடலைச் சுத்தம் செய்கிறது, கண்ணில் படவில்லை. பத்து நிமிடம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு 30 நொடிக்கும் நீங்கள் "இப்போ" என்று சொல்ல, அந்தக் கணத்தில் விலங்கு என்ன செய்கிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. மொத்தம் 20 கோடுகள் விழும். ஒரு கோடு 5 சதவீதம் என்பதால் கணக்கும் சுலபம்: ஒன்பது கோடு "படுத்திருக்கிறது" என்றால் 45 சதவீதம்.

இதில் தவறுவது வழக்கமாக நான்கு இடங்களில். "இப்போ" என்பதற்கு முன் விலங்கு சுவாரசியமாக எதையாவது செய்துவிட்டால் பிள்ளை அதைக் குறித்துவிடும். அப்படிக் குறித்தால் அரிதான செயல்கள் அடிக்கடி நடப்பதுபோல் கணக்கு வரும். அவற்றைத் தாளின் ஓரத்தில் தனியாக எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது, "கோபமா இருக்கு", "சோகமா இருக்கு" என்று எழுதுவது. அது பார்த்தது இல்லை, ஊகித்தது. காது பின்னால் மடிந்ததா, வால் ஆடியதா என்று எழுத வேண்டும். மூன்றாவது, மான் கூட்டத்தில் ஒன்றைப் பார்க்க ஆரம்பித்து நடுவில் வேறொன்றுக்குத் தாவிவிடுவது. உடைந்த கொம்பு, கிழிந்த காது என ஏதாவது அடையாளமுள்ள ஒன்றை முதலிலேயே தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கல் வராது. நான்காவது, விலங்கு புதருக்குள் போய்விட்டால் எதையும் குறிக்காமல் விடுவது. "கண்ணில் படவில்லை" என்ற கட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. அது நிரம்பினால் விலங்குக்கு ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது என்று பொருள், அது நல்ல செய்தி.

அம்மா ஒரு தாள், பிள்ளை ஒரு தாள் என ஒரே விலங்கைப் பார்த்தால் இன்னும் சிறப்பு. முடிவில் ஒப்பிட்டால் 20-இல் 16 ஒத்துப்போகலாம், நான்கு போகாமல் இருக்கலாம். எங்கே மாறுபட்டது, ஏன் என்று இருவரும் பேசும்போதுதான் அறிவியலில் கவனிப்பது எவ்வளவு கடினம் என்பது பிள்ளைக்குப் புரியும். பள்ளிப் பாடத்தில் இதைச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

இந்த வேலையைப் புலியிடம் காலையில் ஒரு முறையும் மூடும் நேரத்துக்கு முன் ஒரு முறையும் செய்து பாருங்கள். பெரும்பூனைகளுக்குப் பொதுவாக மாலையில், உள்ளறைக்கு அழைத்த பிறகுதான் இறைச்சி கொடுப்பார்கள். அதனால் மாலையில் அவை உள்ளறைக் கதவுப் பக்கம் முன்னும் பின்னுமாக நடக்கலாம். பிள்ளை "ஏன் இப்படி நடக்குது?" என்று கேட்டால் மழுப்ப வேண்டாம். இரைக்காகக் காத்திருப்பதும் காரணமாக இருக்கலாம். அடைபட்ட இடத்தில் வேலை எதுவும் இல்லாததால் ஒரே பாதையில் திரும்பத் திரும்ப நடக்கும் பழக்கம் வந்திருக்கவும் கூடும். அதைக் குறைக்கத்தான் அடைப்புக்குள் மரக்கட்டை, குட்டை, ஒளித்துவைத்த தீனி என்றெல்லாம் வைக்கிறார்கள். அப்படி என்னென்ன இருக்கிறது என்று தேடுவதே ஒரு நல்ல விளையாட்டு.

வெள்ளைப்புலியிடம் கட்டாயம் நில்லுங்கள், ஏனென்றால் அதைப் பற்றித்தான் தவறான சேதிகள் அதிகம். பனிப்பிரதேசப் புலி என்று பக்கத்தில் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். அது தனி இனமே இல்லை. நம் வங்கப்புலிதான். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஓர் ஒடுங்கு மரபணு (ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் வெளியே தெரியாத மரபணு) வந்து சேர்ந்தால் நிறம் இப்படி ஆகிறது. கோடுகள் கறுப்பாக இருப்பதைக் காட்டுங்கள், அதனால் இது உடலில் நிறமே உருவாகாத முழு நிறமியின்மையும் இல்லை. 1951-இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற ஆண் புலியிலிருந்துதான் இன்று கூண்டுகளில் உள்ள வெள்ளைப்புலிகளின் வம்சம் பெரும்பாலும் வருகிறது. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்ததால் மாறுகண் போன்ற குறைகள் இவற்றில் கூடுதல். பத்து வயதில் இது நன்றாகவே புரியும்.

ஆறு வயதுக்கு அட்டவணை வேண்டாம், ஒப்பிடும் விளையாட்டு போதும். புள்ளிமானையும் வெளிமானையும் அடுத்தடுத்துக் காட்டி, கொம்பில் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். புள்ளிமான் கொம்பு கிளை விடும், ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாக முளைக்கும். முளைக்கும்போது மேலே மெத்தென்ற தோல் போர்த்தியிருக்கும். வெளிமான் கொம்பு முறுக்கியிருக்கும், கிளை கிடையாது, வாழ்நாள் முழுக்க அதே கொம்புதான். அடுத்து, சிங்கவால் குரங்கையும் நீலகிரிக் கருமந்தியையும். சிங்கவால் குரங்கு கன்னப் பைகளில் தீனியை அடைத்துக்கொள்வதைப் பார்க்கலாம். கருமந்திக்குக் கன்னப் பை இல்லை. இலையைச் செரிக்க மாட்டுக்கு இருப்பதுபோல் பல அறைகள் கொண்ட வயிறு அதற்கு. இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரியவை, வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. யானையைப் பார்க்க அவ்வளவு பேர் ஓடும்போது இவற்றுக்கு முன் ஆளில்லாமல் இருப்பது வருத்தமான விஷயம்.

முதலைகளிடம் கொஞ்சம் பொறுமை வேண்டும். அசையாமல் கிடப்பதால் "பொம்மையா?" என்று கேட்டு, எழுப்புவதற்காகக் கல்லெறிபவர்கள் எந்த ஊர்க் காட்சிசாலையிலும் உண்டு. பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: முதலை வெளிவெப்பத்தை நம்பி வாழும் உயிர், உடல் சூட்டுக்காகத் தீனியை எரிப்பதில்லை, அதனால் குறைந்த இரையில் நாள் கணக்கில் இருக்கும், ஓடியாட வேண்டிய தேவையும் இல்லை. வாயைத் திறந்து வைத்திருப்பது பெரும்பாலும் சூட்டைச் சரிசெய்து கொள்ளத்தான். சதுப்புநில முதலையின் அகன்ற முகத்தையும் கரியால் என்ற இன்னொரு முதலை வகையின் ஒல்லியான நீள மூக்கையும் ஒப்பிட்டு, எது மீன் பிடிக்கத் தோதானது என்று கேளுங்கள். கரியாலுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஊசிப் பற்கள். முதலைகளில் பிள்ளைக்கு ஆர்வம் மிகுந்துவிட்டால், இன்னொரு நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போகலாம். 1976-இல் தொடங்கிய அந்த இடத்துக்குத் திங்கள் விடுமுறை.

இரண்டு வயதினருக்கும் பொருந்தும் ஒன்று: "விலங்கு ஏன் வெளியே வரவில்லை?" என்ற தேடல். கம்பிக்குப் பதில் பல இடங்களில் அகழிதான் தடுப்பு. இந்த முறையை ஜெர்மனியில் ஹம்பர்க் நகருக்கு அருகே கார்ல் ஹாகன்பெக் 1907-இல் திறந்த காட்சிசாலை பிரபலமாக்கியது. சிம்பன்சிக்கு நீச்சல் வராது, ஆகவே தண்ணீர் அகழி போதும். புலி நன்றாக நீந்தும், அதற்குத் தண்ணீர் மட்டும் போதாது, உயரமான சுவரும் வேண்டும். யானை தாவாது. ஒவ்வோர் இடத்திலும் தடுப்பை முதலில் கண்டுபிடித்து, அந்த விலங்கால் எதைச் செய்ய முடியாது என்று பிள்ளையே ஊகிக்கட்டும்.

இரவு விலங்குகளின் கூடம் திறந்திருந்தால், உள்ளே நுழைந்ததும் ஐந்து நிமிடமாவது சும்மா நில்லுங்கள். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு இருட்டு பழக அவ்வளவு நேரமாவது தேவை. பலர் "ஒண்ணுமே இல்ல" என்று ஒரு நிமிடத்தில் வெளியேறுவதற்கு இதுதான் காரணம். செல்பேசி வெளிச்சம் அடித்தால் உங்கள் கண்ணும் பழையபடி ஆகிவிடும், விலங்கும் ஒளிந்துகொள்ளும். கண்ணாடியைத் தட்டுவதும் கூடாது. மழைக்குப் பிறகான மாதங்களில் பூங்காவுக்குள் இருக்கும் ஓட்டேரி ஏரிப் பக்கம் போனால் கூண்டில்லாத நீர்ப்பறவைகளையும் பார்க்கலாம். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும், அதற்கு மேல் போனால் பிள்ளைகள் கையில் காட்சி நடுங்கும்.

தீனி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். விலங்குக்கு ஒரு பிஸ்கட்கூடப் போடக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவு, காட்சிசாலையில் விலங்கைச் சீண்டுவது, தீனி போடுவது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வது, குப்பை போடுவது எல்லாவற்றையும் தடை செய்கிறது. பூங்காவுக்குள் திரியும் குரங்குகளுக்கும் இது பொருந்தும். பளபளக்கும் நொறுக்குத்தீனிப் பொட்டலத்தைக் கையில் பிடித்து நடந்தால் அவை பிடுங்கும், பிள்ளை கையை இழுக்கும்போதுதான் கீறல் படும். டிபன் டப்பாவை மூடிய பைக்குள் வைத்து, சாப்பிடும் இடத்தில் மட்டும் திறவுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, திரும்ப நிரப்பக்கூடிய பாட்டில்.

பூங்காவே நடத்தும் நிகழ்ச்சிகளையும் விசாரியுங்கள். அக்டோபர் 2 முதல் 8 வரை வனவிலங்கு வாரம், ஜூலை 29 உலகப் புலிகள் தினம் போன்ற நாட்களை ஒட்டி உயிரியல் பூங்காக்களில் ஓவியப் போட்டி, விளக்க நடை போன்றவை நடக்கும். கோடை விடுமுறையில் மாணவர் முகாம் உண்டா என்று ஏப்ரல் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள், இடங்கள் சீக்கிரம் நிரம்பும். விலங்கைத் தத்தெடுக்கும் திட்டமும் இருக்கிறது. விலங்கு பூங்காவிலேயே இருக்கும், அதன் தீனிச் செலவை நீங்கள் ஏற்கிறீர்கள். புலிக்குத் தொகை பெரிது, சிறிய பறவைக்குக் குறைவு. பிறந்தநாள் செலவை இதற்குத் திருப்பும் குடும்பங்கள் உண்டு.

ஒரு வகுப்பாகவே போக நினைத்தால், பள்ளியின் கடிதத்தோடு பூங்கா அலுவலகத்தை இரண்டு மூன்று வாரம் முன்னதாக அணுக வேண்டும். எத்தனை பேர், எந்த வகுப்பு, எந்தத் தலைப்பு என்பதைக் கடிதத்தில் எழுதி, விளக்கிச் சொல்ல உயிரியலாளரோ கல்விப் பிரிவினரோ கிடைப்பார்களா என்றும் கேளுங்கள். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பிரித்து, ஒவ்வொரு குழுவும் வேறு வேறு இடத்தில் தொடங்கினால் அறுபது பேர் ஒரே தடுப்பின் முன் நெரிசலிட மாட்டார்கள். வரும் எல்லா ஆசிரியர்களும் முதல் நாளே நடத்தை அட்டவணையைத் தாங்களே ஒரு முறை, தெருநாயையோ காக்கையையோ வைத்து நிரப்பிப் பார்த்துவிட வேண்டும்.