முதலில் தண்ணீர், அப்புறம் கன்று

கேள்வி: எங்கள் நகரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய 12 சென்ட் இடம் இருபது வருடமாக முள்ளும் குப்பையுமாகக் கிடக்கிறது. நாற்பது குடும்பங்கள் சேர்ந்து ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டிருக்கிறோம். ஆடி பிறந்ததும் கன்று நடலாமா? பாதிப் பேர், முதலில் ஒரு பிள்ளையார் கோயில் கட்டிவிட்டால் இடத்தை யாரும் வளைக்க மாட்டார்கள் என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: கன்று இருக்கட்டும் அம்மா. அடுத்த சித்திரையில் யார் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள், அதைச் சொல்லுங்கள். ஆடியில் ஊற்ற ஆள் வேண்டாம், நம்ம சேலத்தில் ஐப்பசி வரைக்கும் மழை பார்த்துக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில் குடம் தூக்க யார் வருகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சூரமங்கலத்தில் எங்கள் தெருப் பூங்காவில் நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். முதல் தடவை பந்தல் போட்டு, மைக் வைத்து, கேசரி கொடுத்து 60 கன்று நட்டோம். அடுத்த மே மாதம் எண்ணிப் பார்த்தால் ஏழு. நான் ரயில்வேயில் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன், அதனால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஆடு தின்றது கொஞ்சம். மற்றதெல்லாம் தாகத்தில் போனவை. அங்கே ஒரு குழாய்கூடக் கிடையாது. யாருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும்தான்.

பிழைத்த ஏழில் ஒரு புங்கன் மட்டும் மற்றவற்றைவிட ஓர் ஆள் உயரம் கூடுதலாக வளர்ந்து நின்றது. காரணம் அப்புறம்தான் தெரிந்தது. வாசல் ஓரமாக ஒரு பாட்டி சாயங்காலம் தட்டுவடை செட் போடுவார், இரண்டு தட்டுவடைக்கு நடுவே கேரட், பீட்ரூட் துருவல் வைத்துத் தருவது. துருவுவதற்கு முன் கேரட்டும் பீட்ரூட்டும் கழுவிய தண்ணீரைத் தினம் அந்தப் புங்கன் காலில்தான் ஊற்றியிருக்கிறார். அடிமண் சிவந்து கிடக்கும். தானாகத்தான் ஊற்றினார், நன்றி சொன்னபோது, “வேற எங்கய்யா ஊத்தறது?” என்றார். பிறகு கேட் போட்டபோது, வாசலில் கடை இருந்தால் அசிங்கமாக இருக்கும் என்று கமிட்டியில் இருவர் கிளம்பினார்கள். நான் விடவில்லை. மாலை நாலு மணியிலிருந்து ஒன்பது வரை அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரே ஆள் அவர்தான். சம்பளத்துக்கு வைத்தாலும் அப்படி ஒரு காவலாளி கிடைக்க மாட்டார்.

இரண்டாவது தடவை 14 கன்றுதான் வைத்தோம். முதலில் குழாய், அப்புறம் குழி. இரண்டடிக்குக் கீழே கப்பி மண், கடப்பாறை தெறித்தது. இருந்தும் மூன்றடி தோண்டித்தான் விட்டோம். மேல் மண்ணோடு தொழுவுரம் கலந்து நிரப்பி, கன்றைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி பாத்தி கட்டி, அதற்குள் தேங்காய் மட்டையை நார்ப் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கினோம். இளநீர்க் கடையில் மட்டை சும்மாவே கொடுப்பார்கள், எடுத்துப் போனால் போதும் என்று இருப்பார்கள். வெயில் காலத்தில் ஒரு குடம் ஊற்றினால், மட்டைக்கு அடியில் மூன்றாம் நாளும் விரலில் ஈரம் ஒட்டும்.

தண்ணீர் முறைக்கு ஒரு நோட்டுப் போட்டேன். வீட்டுக்கு ஒரு நாள். ஊற்றியவர் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பையன்கள்தான் ஒழுங்காகப் போட்டார்கள். பெரியவர்கள் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்துக்கும் சேர்த்துப் போடுவார்கள், மையின் நிறமே காட்டிக்கொடுக்கும்.

சரி, உங்கள் இடத்துக்கு வருவோம். இடம் போய்விடுமோ என்ற பயத்தில்தான் பிள்ளையாரைக் கூப்பிடுகிறீர்கள். பயம் நியாயமானது. பூங்காவில் அனுமதியில்லாமல் புதிதாகக் கோயில் எழுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே சொல்லிவிட்டது. யாராவது மனுப் போட்டால் பிள்ளையாரையும் சேர்த்து இடிப்பார்கள், அந்தப் பாவம் நமக்கு எதற்கு? காப்பாற்றுவது காகிதம்தான். மனைப்பிரிவு போட்டவர் அந்த 12 சென்ட்டை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறாரா, பாருங்கள். இப்போதைய விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைப் பொது இடமாக விட்டு எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். பழைய மனைப்பிரிவுகளில் வரைபடத்தில் ‘பூங்கா’ என்று பச்சை அடித்திருப்பார்கள், பத்திரம் மட்டும் இருக்காது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்து, அங்கீகரித்த வரைபடத்தின் நகலையும் வாங்கி வையுங்கள். எங்கள் காகிதத்துக்கு நான் ஓர் அலுவலகப் படியை பதினோரு தடவை ஏறினேன். பதினோராவது தடவை, முதல் நாள் “இல்லை” என்ற அதே அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

அடுத்தது பணம். உங்கள் நாற்பதாயிரத்தைத் தனியாகச் செலவு பண்ணிவிடாதீர்கள். நமக்கு நாமே திட்டம் 1997-ல் வந்தது, 2021-ல் நகரங்களுக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும், பூங்கா வேலையும் அதில் உண்டு. அந்தக் கணக்குப்படி உங்கள் நாற்பதாயிரம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் வேலைக்கு ஆகும். ரசீது இல்லாமல் மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். கிராம சபை மாதிரி உங்கள் வார்டில் பகுதி சபை கூடும்போது பத்துப் பேர் போய் இதைத் தீர்மானமாக எழுத வையுங்கள். 2022 நவம்பர் 1-ல் முதன்முதலாக இந்தச் சபைகளைக் கூட்டினார்கள். கவுன்சிலர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது கேட்பதற்கும் போனில் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

நடைபாதையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 12 சென்ட் என்றால் 5,227 சதுர அடி. இடம் ஏறக்குறைய அறுபதடிக்கு எண்பத்தேழு என்று வைத்துக்கொண்டு, ஓரமாகப் பாதை விட்டால் பன்னிரண்டு சுற்று கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். சர்க்கரைக்காரர்களுக்கு இது போதும். அவர்கள் ஐந்தரை மணிக்கே வந்துவிடுவார்கள். வந்தவர்களிடம் ஒரு குடத்தைக் கொடுங்கள், சித்திரைக் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். சிமென்ட் தளம் வேண்டாம், மண்பாதையே இருக்கட்டும், மழைத் தண்ணீர் இறங்கட்டும்.

கேள்வி: பொதுமக்கள் சேர்ந்து செய்தால் ஒன்றும் உருப்படாது என்கிறார் என் மைத்துனர். உண்மையா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: கன்னங்குறிச்சி உங்களுக்குக் கூப்பிடு தூரம். ஒரு ஞாயிறு காலை மைத்துனரை மூக்கனேரிக்கு அழைத்துப் போங்கள். 2010-ல் சேலம் மக்கள் குழுவினர் அந்த ஏரியைச் சுத்தம் செய்து, தோண்டிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். அந்தத் திட்டுகளைக் காட்டுங்கள். அப்புறமும் அதையே சொன்னால், மைத்துனரை மாற்ற முடியாது.

கேள்வி: ஏற்காட்டில் என் சித்தப்பா எஸ்டேட்டில் சில்வர் ஓக் கன்று நூறு சும்மா தருகிறார். எங்கள் தெருப் பூங்காவில் நடலாமா?
– வாசகர், அழகாபுரம்

பதில்: சும்மா வந்த கன்றுக்கும் தண்ணீர் ஊற்றத்தானே வேண்டும்? சில்வர் ஓக் காப்பிச் செடிக்கு நிழல் கொடுக்கவும் மிளகுக் கொடி ஏறவும் வளர்ப்பது. நெட்டையாகப் போகும், கீழே பெஞ்சில் உட்கார்ந்தவர் தலையில் வெயில் அடிக்கும். நம்ம வெயிலுக்குப் புங்கன், வேம்பு, மகிழம், பூவரசு. பிள்ளைகள் கல்லெறியப் பரவாயில்லை என்றால் ஒரு நாவல். நூறு வேண்டாம், பத்து போதும். சித்தப்பா ஏதாவது கொடுத்தே தீருவேன் என்றால் காப்பித்தூளாகக் கொடுக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை குழி தோண்ட வருகிறவர்களுக்குப் போட்டுக் கொடுக்கலாம்.