ஆலை தரும் நிதியை வாங்கலாமா?

ஓடையில் கழிவைக் கலக்கும் ஆலையே, கரையில் மரம் நட உங்கள் குழுவுக்குச் சமூகப் பொறுப்பு நிதி தருகிறதாம், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கழிவு கலப்பது நிற்கும்வரை வேண்டாம் என்பேன். ஐஎஸ்ஓ 26000 சான்றிதழ் காட்டினார்கள் என்கிறீர்களே, 2010-இல் வந்த அது, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு பற்றிய வெறும் வழிகாட்டிதான். அதற்குச் சான்றிதழே கிடையாது.

முதலில் கழிவு கலக்கும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் ஒரே நாளில் தண்ணீர் எடுங்கள். பாட்டில்களை ஐஸில் வைத்து, ஆலையோடு தொடர்பில்லாத ஆய்வகத்தில் அன்றே கொடுத்துவிடுங்கள். தாமதித்தால் பிஓடி அளவை, அதாவது தண்ணீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற கணக்கை, நம்ப முடியாது, ஆலைக்காரர்களும் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

அப்புறம் ஒப்பந்த வரைவைக் கேளுங்கள். ‘நிறுவனத்தின் பெயருக்குக் களங்கம் வரும்படி பேசக்கூடாது’ என்று எங்காவது ஒரு வரி இருக்கும். அதை நீக்க மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.