நூறு கட்டுரை எழுதியவர் என்றால் பெரிய ஆய்வாளர்தானா?

"எனக்கு வழிகாட்டியாக வரப்போகும் சர்ஜரி பேராசிரியர் பெயரில் நூறு கட்டுரைகள் இருக்கின்றன, எச்-இண்டெக்ஸ் 12. இவரைப் பெரிய ஆய்வாளர் என்று நம்பிச் சேரலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பாளையங்கோட்டையில் எம்.எஸ். படித்தவன், இப்போது அம்பாசமுத்திரம் பக்கம் வேலை பார்க்கிறேன். இதே கேள்வி எனக்கும் அந்த வயதில் இருந்தது.

முதலில் அந்த எண். ஒருவருடைய கட்டுரைகளில் 12 கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் குறைந்தது 12 தடவை பிறர் மேற்கோள் காட்டியிருந்தால் எச்-இண்டெக்ஸ் 12. ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் சொன்ன கணக்கு. தொடர்ந்து உழைப்பவரை அது காட்டும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் 2004இல் டிண்டோ, டெமார்ட்டின், கிளேவியன் மூவரும் எழுதிய கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வரும் சிக்கலை, அதைச் சரிசெய்ய என்ன செய்யவேண்டி வந்தது என்பதை வைத்தே தரம் பிரித்தார்கள். 6,336 நோயாளிகளின் விவரத்தில் சோதித்தும் பார்த்தார்கள். மறுபடி மயக்கம் கொடுத்துத் திறக்க வேண்டியிருந்தால் மூன்று-பி, இறந்துவிட்டால் ஐந்து. நாளைக்கு நீங்கள் வார்டில் நின்று சொல்லப்போவது இதைத்தான். வாழ்நாளில் இந்த ஒன்றை மட்டும் ஒருவர் எழுதியிருந்தால், எத்தனை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் அவருடைய எச்-இண்டெக்ஸ் 1தான்.

எனக்கு இது உறைத்தது ஒரு ராத்திரியில். ராதாபுரம் பக்கமிருந்து 108இல் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கல்குவாரி வேலை, பீடி, மூட்டுவலிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை. வயிறு பலகைபோல இருந்தது, முன்சிறுகுடலில் ஓட்டை. ஓமெண்டத்தை, அதாவது வயிற்றுக்குள் தொங்கும் கொழுப்புத் திரையை, இழுத்து ஓட்டையின்மேல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் சீஃப் கேட்டார், இது யாருடைய முறை என்று. கிரஹாம் பேட்ச் சார் என்றேன்.

"கிரஹாம் எழுதுனத வாசிச்சிருக்கியாடே? அவரு ஓமெண்டத்துல ஒரு துண்ட தனியா வெட்டி எடுத்து வச்சவரு. நீ ரத்த ஓட்டத்தோட அப்படியே இழுத்து வைக்குத. இத எழுதுனது செல்லன்-ஜோன்ஸ்."

மறுநாள் தேடினேன். செல்லன்-ஜோன்ஸ் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியது 1929இல். டொராண்டோவின் ரோஸ்கோ கிரஹாம் எழுதியது 1937இல். கையால் செய்வது பெரும்பாலும் முன்னவர் முறை, கேஸ் ஷீட்டில் எழுதுவது பின்னவர் பெயர். நடுராத்திரியில் ஆபரேஷன் குறிப்பு எழுதுகிற எவரும் அடியில் மேற்கோள் போடுவதில்லை. ஓர் உயிர் பிழைத்த அந்தக் கணக்கு எந்த இண்டெக்ஸிலும் ஏறாது.

எண்ணிக்கை எப்படிக் கூடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்பது விதி. அதனால் பணம் கட்டினால் போடுகிற இதழ்களுக்கும் குறைவில்லை. நான் படித்தபோது என் கட்டுரை ஒன்றில், அந்த நோயாளியைப் பார்த்தேயிராத ஒருவர் பெயரை இரண்டாவதாகச் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தேன். இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆகவே நீங்கள் அந்த நூறில் மூன்றை மட்டும் எடுத்து முழுதாக வாசியுங்கள். சொந்த வார்டு நோயாளிகளா, எத்தனை மாதம் வரை பின்தொடர்ந்தார்கள், இறந்தவர்களையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். மாணவர் பெயர் முதலில் வருகிறதா என்பது முக்கியம். வழிகாட்டி எப்படிப்பட்டவர் என்பதை அது ஒன்றே பாதி சொல்லிவிடும். பிறகு சீனியர்களிடம், ராத்திரி தியேட்டருக்கு வருவாரா என்று கேளுங்கள்.

இதைச் சொல்லும்போது ஒரு வருத்தமும் உண்டு. எங்கள் சீஃப் விதிக்குத் தேவையானதற்குமேல் ஒரு கட்டுரைகூட எழுதவில்லை. அதைப் பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், நான் சொல்லமாட்டேன். வயிற்று ஓட்டை கேஸ்களைப் பச்சை அட்டை நோட்டுகளில் வருடக்கணக்காக எழுதிவைத்திருந்தார். யார் பீடி குடித்தார், யார் வலி மாத்திரை போட்டார், வலி தொடங்கி எத்தனை மணி நேரம் கழித்து வந்தார், தையல் விட்டதா என்று எல்லாம் இருக்கிறது. நாங்குநேரிக்காரருக்கும் திசையன்விளைக்காரருக்கும் என்ன நடந்தது என்பதை டொராண்டோவிலிருந்து யாரும் எழுதித் தரப்போவதில்லை. அவர் எழுதியிருக்கவேண்டும்.

அவர் போன பிறகு நோட்டுகளை அவர் வீட்டு அம்மா என்னிடம் கொடுத்தார்கள். நோயாளிகளின் பெயர்களை விட்டுவிட்டு, மற்றதை ஞாயிற்றுக்கிழமைகளில் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். பாதி முடிந்திருக்கிறது. நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கவேண்டும், பிறகுதான் எழுத்து வேலை. ஆசிரியர் வரிசையில் அவர் பெயர்தான் முதலில்.