ரெட் சாக்ஸ் அணியின் தலைசிறந்த வீரர்களை வரிசைப்படுத்துவது எப்படி?

பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி வரலாற்றின் தலைசிறந்த பத்து வீரர்களைப் பட்டியலிட்டு வரும் வாசகர் ஒருவர் இரண்டு இடங்களில் தடுமாறி நிற்கிறார். ஏழு பருவங்கள் மட்டுமே அங்கு ஆடிய பிட்சர் (பந்து வீசுபவர்) பெத்ரோ மார்டினெஸை, இருபத்து மூன்று பருவங்கள் ஆடிய பேட்டர் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கிக்கு மேலே வைக்கலாமா என்பது அவருடைய முதல் கேள்வி. பேப் ரூத்துக்கு எந்த இடம் என்பது இரண்டாவது.

ரூத்தின் சிக்கல் எளிதானது என்பதால் அதை முதலில் முடித்துவிடலாம். அணியின் வரலாற்றுக்கான பட்டியலில், அந்த அணியின் சீருடையில் செய்தவற்றை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். ரூத் 1914 முதல் 1919 வரை பாஸ்டனில் ஆடினார். அவருடைய 714 ஹோம் ரன்களில் (பேட்டர் எல்லாத் தளங்களையும் சுற்றி வந்து ஓட்டம் பெறும் அடிகளில்) 49 மட்டுமே இந்த அணிக்காக அடிக்கப்பட்டவை. இங்கு அவர் பெரும்பாலும் பிட்சராகவே இருந்தார்; 89 வெற்றிகளைப் பெற்றார்; 1915, 1916, 1918 ஆகிய மூன்று உலகத் தொடர் (பருவ இறுதியில் நடக்கும் சாம்பியன் போட்டி) வெற்றிகளிலும் அணியில் இருந்தார். ஏழாம் இடம் அவருக்குக் குறைவன்று. முதலிடம் கொடுத்தால் பின்னர் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு அவர் செய்ததற்குப் பாஸ்டன் கணக்கில் பரிசளிப்பதாகிவிடும். ரோஜர் கிளெமென்ஸுக்கும் இதே விதிதான்: சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை அவர் வென்ற ஏழு முறைகளில் மூன்றுதான் பாஸ்டனுக்கு ஆடியபோது. ஆயினும் அணிக்காக 192 வெற்றிகள் பெற்று, அந்த விருதுக்குப் பெயர் தந்த சை யங்குடனேயே முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டிருப்பதால் அவரை நான்காவதாக வைப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

மார்டினெஸ், யாஸ்ட்ரெம்ஸ்கி ஒப்பீட்டுக்கு ஓர் அளவுகோல் தேவை. எளிதில் கிடைக்கும் மாற்று வீரர் ஒருவர் அதே இடத்தில் ஆடியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட, இவர் எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தேடித் தந்தார் என்று மதிப்பிடும் 'வார்' என்ற புள்ளியை இதற்குப் பயன்படுத்தலாம். ஒரு வீரரின் மொத்தப் புள்ளியையும் அவருடைய சிறந்த ஏழு பருவங்களின் புள்ளியையும் கூட்டி இரண்டால் வகுத்தால், நீண்ட உழைப்புக்கும் உச்சத் திறனுக்கும் சம மதிப்புக் கிடைக்கும். மார்டினெஸ் பாஸ்டனில் ஆடியதே ஏழு பருவங்கள் என்பதால் அவருக்கு இரண்டு எண்களும் ஒன்றுதான், ஏறத்தாழ 54. யாஸ்ட்ரெம்ஸ்கிக்கு மொத்தம் 96 அளவிலும், சிறந்த ஏழு பருவங்களுக்கு மட்டும் சுமார் 55 புள்ளிகளும் வருகின்றன. அதாவது, மார்டினெஸின் பலம் என்று நாம் கருதும் உச்சத்திலேயே யாஸ்ட்ரெம்ஸ்கி அவருக்குச் சமமாக நிற்கிறார். மற்ற பதினாறு பருவங்களும் அதற்கு மேல் சேர்பவை.

எண்களை அவை பிறந்த காலத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். 1968இல் யாஸ்ட்ரெம்ஸ்கி 0.301 என்ற பேட்டிங் சராசரியுடன் (அடிக்க முயன்ற முறைகளில் வெற்றியடைந்தவற்றின் விகிதம்), பேஸ்பாலின் இரண்டு பெரும் லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் முதலிடம் பெற்றார். பட்டம் வென்ற சராசரிகளில் வரலாற்றிலேயே மிகக் குறைந்தது அதுதான். பிட்சர்கள் கோலோச்சிய அந்த ஆண்டில் அந்த லீகில் 0.300ஐத் தாண்டிய ஒரே பேட்டர் அவர் என்பதை அறியும்போது அந்த எண்ணின் எடையே மாறிவிடுகிறது. மறுபுறம், ஹோம் ரன்கள் மழையாகக் கொட்டிய 2000ஆம் ஆண்டில் மார்டினெஸ் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.74 ஓட்டங்களே கொடுத்தார். அமெரிக்கன் லீகில் அடுத்த இடத்தில் இருந்த கிளெமென்ஸ், அப்போது யாங்கீஸ் வீரர், 3.70 கொடுத்தார். ஒரே ஒரு ஆட்டத்தை வென்றாக வேண்டுமென்றால் நானும் மார்டினெஸிடம்தான் பந்தைக் கொடுப்பேன். ஆனால் 'யார் அணிக்கு அதிகம் தந்தார்' என்று கேட்கும் பட்டியலில் அவருக்கு மூன்றாம் இடம்தான். இரண்டாம் இடம் யாஸ்ட்ரெம்ஸ்கிக்கு.

முதலிடத்தில் டெட் வில்லியம்ஸ் இருப்பதற்கு விவாதமே தேவையில்லை. 1941இல் 0.406 சராசரி, மொத்தம் 521 ஹோம் ரன்கள், எவரும் இன்றுவரை எட்டாத 0.482 என்ற ஆன்-பேஸ் விகிதம் (ஆட்டமிழக்காமல் தளத்தை அடைந்த முறைகளின் விகிதம்) ஆகிய அனைத்தும் பாஸ்டனுக்காக மட்டுமே ஆடிப் பெற்றவை. 1943 முதல் 1945 வரை மூன்று பருவங்களையும், கொரியப் போரின்போது மேலும் இரண்டில் பெரும்பகுதியையும் அவர் இராணுவப் பணியில் கழித்தார். ஆடாத ஆட்டங்களுக்குப் புள்ளி கொடுப்பதை நான் ஏற்பதில்லை. அவருக்கு அது தேவையும் இல்லை.

ஐந்தாம் இடம் யங்குக்கு. அடுத்து டேவிட் ஓர்ட்டிஸ்: பெரும்பாலும் களத்தடுப்பில் பங்கேற்காத அவருக்கு 'வார்' கணக்குக் குறைத்தே மதிப்பளிக்கிறது, 2004, 2007, 2013 உலகத் தொடர்களில் அவருடைய பங்கை, குறிப்பாக 2013இல் அவர் அடித்த 0.688 சராசரியை, அந்த எண் பிடிப்பதில்லை. அதனால்தான் அவரை ரூத்துக்கு மேலே வைக்கிறேன். எட்டும் ஒன்பதும் டிரிஸ் ஸ்பீக்கருக்கும் வேட் பாக்ஸுக்கும் போகும். பத்தாம் இடத்துக்கு, 2014 முதல் 2019 வரை ஆடிய மூக்கி பெட்ஸைவிட, பத்தொன்பது பருவங்கள் ஆடி சிறந்த களத்தடுப்புக்கான கோல்டு கிளவ் விருதை எட்டு முறை வென்ற டுவைட் எவன்ஸையே பரிந்துரைக்கிறேன்.