நிலத்தை விற்காதீர்கள், பி.எஸ்சி. இயற்பியலில் சேருங்கள்

அன்புள்ள அம்மா,

மகளுக்கு இயற்பியல் செய்முறைதான் பிடிக்கும் என்கிறீர்கள். உங்கள் அண்ணனோ, நிலத்தை விற்றாவது நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிவிடச் சொல்கிறார். நிலத்தை விற்காதீர்கள். பிடிக்காத படிப்புக்குக் கொட்டும் பணம் திரும்பி வராது. ‘நானோ டெக்னாலஜி’ என்று பெயர் போட்ட பி.டெக்.கும் வேண்டாம், அவளுக்குத் தேவை அடிப்படை இயற்பியல்.

செய்முறை பிடித்தவளுக்கு யாரும் சொல்லாத ஓர் ஆய்வு வழி இருக்கிறது: காந்த நானோ துகள்களைக் கலந்து, ஒரே சொட்டுத் திரவத்தின் பாகுநிலையை, அதாவது அது ஓடாமல் எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்பதை, அளப்பது. மூட்டுத் திரவம் போல மில்லிலிட்டர் கணக்கில் எடுக்க முடியாதவற்றுக்கு இது உதவும். மாறுதிசை காந்தப்புலத்தில் துகள் புலத்தோடு சேர்ந்து சுழலப் பார்க்கும். திரவம் அதை இழுத்துப் பிடிக்கும். 100 நானோமீட்டர் துகள் என்றால், 25 டிகிரி தண்ணீரில், புலத்துக்குப் பின்தங்கி வரும் காந்த சிக்னல் சுமார் 470 ஹெர்ட்ஸில் உச்சம் தொடும். பாகுநிலை இரட்டித்தால் உச்சம் அதில் பாதி அதிர்வெண்ணுக்கு இறங்கும்.

தப்பு நடக்கும் இடங்களும் உண்டு. 10 நானோமீட்டர் மேக்னடைட்டில் (காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு) துகள் அசையாமலே உள்ளே காந்தத் திசை மட்டும் புரண்டுவிடும். திரவத்தைப் பற்றி எதுவும் தெரியாது. அந்த அளவுக்குக் கோபால்ட் ஃபெரைட் நல்லது. துகள்கள் ஒட்டித் திரண்டு விட்டம் இரட்டித்தால், பாகுநிலை 8 மடங்கு கூடியதாகப் பொய்க்கணக்கு வரும்.

கல்லூரி ஆய்வகத்திலேயே தொடங்கலாம். ஃபெரிக், ஃபெரஸ் குளோரைடை 2:1 மோல் விகிதத்தில் கலந்து, கிளறிக்கொண்டே அம்மோனியா ஊற்றினால் கறுப்பு மேக்னடைட் படியும். நைட்ரஜன் செலுத்தாவிட்டால் ஆக்சிஜன் பட்டுப் பழுப்பாகும். கருவிக்கு ஒரு வெளிச்சுருள், அதனுள்ளே எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்கள். மாதிரி வைக்காதபோது சிக்னல் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சுற்றுகள் சமமில்லை. இந்த அதிர்வெண்ணுக்குக் கம்ப்யூட்டர் சவுண்ட் கார்டும் பைத்தானும் போதும்.

பி.எஸ்சி. மட்டும் வைத்து இதில் வேலை கிடைக்காது. மூன்றாம் ஆண்டில் ‘ஜாம்’ என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி.க்குப் போகட்டும். பிறகு ‘நெட்’ என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் தகுதி) வாங்கினால் ஆய்வுக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்திலும் காந்தத் திரவ ஆய்வு நடக்கிறது.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். சிக்னலைத் திரையில் வரைந்து காட்டும் சி.ஆர்.ஓ.வும் சிக்னல் ஜெனரேட்டரும் வேலை செய்கின்றனவா, மாணவர்களைத் தொட விடுகிறார்களா என்று கேளுங்கள். அண்ணனிடம் நீங்களே பேசுங்கள், மகளைப் பேச வைக்காதீர்கள்.